க்யூட் ஆங்கிலத் தாளுக்கு ட்யூஷன் தேடும் முன்: எல்லையோர வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யார் என்ன விண்ணப்பம் போட்டாலும் முக்கால்வாசி என் மேஜைக்கு வந்துதான் போகும். அப்படியிருந்தும், என் தம்பி க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு சேர எழுதும் பொது நுழைவுத் தேர்வு) எழுதப் போனபோது ட்யூஷன் விஷயத்தில் 18,000 ரூபாயையும் இரண்டு மாதத்தையும் கோட்டை விட்டேன். சொல்லித்தந்தவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. என்ன தாள், அதில் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்காமல் "இங்கிலீஷ் ட்யூஷன்" என்று பொதுவாகத் தேடியது என் தப்பு.

தம்பி பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் ப்ளஸ் டூ ஆங்கில மீடியம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி மலையாளம், ஆங்கிலம் புத்தகத்தில் மட்டும். வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் இருக்கும் பல வீடுகளில் இதே கதைதான். குமுளியிலோ ஆரியங்காவிலோ இருந்தாலும், ஆந்திரா பக்கம் நகரி, சத்தியவேட்டில் இருந்தாலும் வழி ஒன்றே. சான்றிதழ் வாங்கும் இடத்தின் பெயர்தான் மாறும்.

1. முதலில், இந்தத் தாள் உங்களுக்குத் தேவையா?

க்யூட் எல்லாக் கல்லூரிக்கும் கிடையாது. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் சித்தூர் அரசுக் கல்லூரியில் சேர வேண்டுமென்றால் காலிகட் பல்கலைக்கழகத்தின் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பித்தால் போதும். ப்ளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. திருவாரூர், காசர்கோடு பெரியா, புதுச்சேரி, டெல்லி போன்ற இடங்களில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களையோ, க்யூட் மதிப்பெண் கேட்கும் வேறு பல்கலைக்கழகங்களையோ குறிவைத்தால்தான் க்யூட்.

அடுத்தது, எந்த மொழித்தாள் என்பது. க்யூட்டில் 13 மொழித்தாள்கள் இருக்கின்றன, தமிழும் அதில் ஒன்று. நீங்கள் சேர நினைக்கும் படிப்புக்கு நேராக, பல்கலைக்கழகம் ஆங்கிலம்தான் வேண்டும் என்கிறதா, ஏதாவது ஒரு மொழி போதும் என்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு மொழி போதும் என்றால், தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை தமிழ்த்தாளை எழுதிவிட்டுப் போகட்டும். ஆங்கில ட்யூஷன் செலவே மிச்சம். இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. தம்பி கேட்டது டெல்லியில் பி.ஏ. ஆங்கிலம் ஹானர்ஸ், அதற்கு ஆங்கிலத் தாள் கட்டாயம் என்பதால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

ஒரு பொறி: விண்ணப்பத்தில் வினாத்தாளின் மீடியம் ஒரு கட்டம், மொழித்தாள் இன்னொரு கட்டம். மீடியத்தில் தமிழ் என்று போட்டதும் மொழித்தாளும் தமிழ் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. மொழித்தாளைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. தாளைப் பார்த்துவிட்டு வாத்தியாரைத் தேடுங்கள்

ஆங்கிலத் தாளில் 50 கேள்விகள், 60 நிமிடம், கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தப்புக்கு 1 குறையும், விட்டுவிட்டால் பூஜ்ஜியம். மொத்தம் 250. தகவல் பத்தி, கதை சொல்லும் பத்தி, இலக்கியப் பத்தி என்று வாசித்து விடையளிப்பது ஒரு பகுதி. மீதி, குலைத்துப்போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுப்பது, ஒரே பொருள், எதிர்ப்பொருள், மரபுத்தொடர் போன்றவை. கட்டுரையோ கடிதமோ எழுதச் சொல்ல மாட்டார்கள்.

பழைய வழிகாட்டிப் புத்தகம் வாங்கும்போது கவனம். முன்பு 50 கேள்வியில் 40 எழுதினால் போதும், நேரம் 45 நிமிடம். 2025 முதல் 50 கேள்வியும் கட்டாயம். "ஏதேனும் 40" என்று அச்சடித்த மாதிரித்தாளை வைத்துப் பயிற்சி எடுத்தால் பிள்ளையின் நேரக்கணக்கே கெட்டுப்போகும். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைப்பதெல்லாம் அந்த ரகம்தான்.

ட்யூஷனுக்குப் பணம் கட்டும் முன்பே பிள்ளையை ஒரு மாதிரித் தேர்வு எழுத வையுங்கள். க்யூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள், எந்த ரகக் கேள்வியில் எத்தனை தப்பு என்று ஒரு தாளில் கோடு போட்டு எழுதுங்கள். இதை நான் இரண்டு மாதம் கழித்துத்தான் செய்தேன். தம்பிக்கு வந்தது 92. இலக்கணத்தில் தப்பு குறைவு. வரிசைக் கேள்விகள் ஒன்பதில் ஏழு தப்பு. கடைசிப் பன்னிரண்டு கேள்விகளை அவன் தொடவே இல்லை, நேரம் போய்விட்டது. ட்யூஷனில் அந்த இரண்டு மாதமும் என்ன நடத்தினார்கள் என்றால், டென்ஸ் அட்டவணை.

3. யாரிடம், எவ்வளவு

நான் முதலில் போனது பெரிய போர்டு வைத்த பயிற்சி நிலையம். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்டச் சொன்னார்கள், கட்டினேன். ஒரு வகுப்பில் அறுபது பேர். ஆறு வாரம் கழித்து நிறுத்தலாம் என்று கேட்டபோது, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். பணம் திரும்பாது. நானே தினமும் ரசீது அடிக்கிறவள், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். "சித்தூரில் ஆங்கில ட்யூஷன்" என்று பார்த்து ஒரு எண்ணுக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் சுத்தத் தெலுங்கு. அது ஆந்திரா சித்தூர்! பாலக்காடு என்று சேர்த்துத் தேடுங்கள்.

கடைசியில் கிடைத்தவர், பக்கத்து ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இங்கே எல்லோருக்கும் அவர் மாஷ்தான் (மலையாளத்தில் வாத்தியார்). வாரம் மூன்று நாள், மாதம் 2,500 ரூபாய், ஐந்து பிள்ளைகள். மாதா மாதம் கட்டினால் போதும் என்றார். யாராக இருந்தாலும் நீங்கள் கேட்க வேண்டியவை இவை:

சென்ற வருஷ க்யூட் ஆங்கிலத் தாளைப் பார்த்திருக்கிறீர்களா? (மாஷ் பார்த்ததில்லை என்று நேராகச் சொன்னார். நான் அச்சடித்துக் கொடுத்தேன், இரண்டு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். பார்த்ததாகப் பொய் சொல்கிறவரைவிட இவர் ஆயிரம் மடங்கு மேல்.)

வாரம் ஒரு முறையாவது 60 நிமிடம் கடிகாரம் வைத்துத் தேர்வு நடத்துவீர்களா?

தப்பான கேள்விகளை ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து பார்ப்பீர்களா, அல்லது விடைத்தாள் ஒட்டிவிட்டுப் போய்விடுவீர்களா?

பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம்?

கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதலில் ஒரு வாரம் சோதனையாகப் போய் உட்காரக் கேளுங்கள். நல்ல வாத்தியார் மறுக்க மாட்டார். நேரத்தைப் பொறுத்தவரை, வாரம் மூன்று நாள் என்றால் நான்கு மாதம் வேண்டும். ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் குறுக்கே வரும் என்பதால் நவம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

4. தமிழ் வாய்க்குச் சறுக்கும் இடங்கள்

ட்யூஷனில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதில்தான் இருக்கிறது. தமிழில் யோசிக்கிற பிள்ளைக்கு எல்லா இலக்கணமும் கஷ்டமில்லை. சில குறிப்பிட்ட இடங்களில்தான் கால் வழுக்கும். மாஷ் அவற்றைத் தமிழை வைத்தே காட்டினார்.

முதல் இடம், ஒருமை பன்மை. முதலமடை மாங்காய்க் கூடையை வைத்துச் சொன்னார். "மாம்பழக் கூடை கனமாக இருக்கிறது." தமிழில் கூடை கடைசியில் வந்து வினைக்குப் பக்கத்தில் நிற்கிறது, குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் "தி பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ்" என்று கூடை முன்னால் போய்விடும். வினைக்குப் பக்கத்தில் மாம்பழங்கள் வந்து உட்கார்ந்துகொண்டு "ஆர்" போடச் சொல்லி ஏமாற்றும். கனம் கூடைக்கு, ஆகவே "இஸ்". "ஆஃப்" வந்தால் அதற்கு முன்னால் நிற்பதை வட்டமிடு என்பது மாஷின் வைத்தியம். விதிவிலக்கும் உண்டு: "தி நம்பர் ஆஃப்" என்றால் ஒருமை, "எ நம்பர் ஆஃப்" என்றால் பன்மை. தேர்வுக்காரர்களுக்கு இந்த ஜோடி மேல் ஒரு பிரியம் உண்டு.

இரண்டாவது, "ரெண்டு வருஷமா". தமிழில் "ரெண்டு வருஷமா இங்கே இருக்கேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறோம். அதை அப்படியே மாற்றி "ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று போட்டால் இரண்டு தப்பு. கால அளவுக்கு "ஃபார்", தொடங்கிய புள்ளிக்கு "சின்ஸ்". வினை "ஹேவ் பீன்". எண்ணிக்கை வந்தால் "ஃபார்", காலண்டரில் விரல் வைக்க முடிந்தால் "சின்ஸ்" என்று தம்பி நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

மூன்றாவது, "பற்றி". அதைப் பற்றிப் பேசினோம் என்று சொல்லிப் பழகிய வாய் "டிஸ்கஸ்டு அபவுட்" என்று சொல்லிவிடும். டிஸ்கஸுக்குள்ளேயே பற்றி இருக்கிறது, "அபவுட்" வேண்டாம்.

இனி வரிசைப்படுத்தும் கேள்வி. தம்பி ஏழு தப்பு விட்ட இடம் இது. மாஷ் ஆங்கிலத்தைத் தொடவே இல்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு தமிழ் வரிகளை எழுதி, துண்டு துண்டாக வெட்டி மேஜையில் போட்டார்.

அ. அதனால் கடைக்காரர்கள் மதியமே கதவைச் சாத்திவிட்டார்கள்.
ஆ. அதற்குள் சந்தைக்கு வந்த வண்டிகள் எல்லாம் சேற்றில் மாட்டிக்கொண்டன.
இ. போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பெருமழை பிடித்தது.
ஈ. அந்த மழை ஓயப் பத்து மணி ஆயிற்று.

தம்பி இருபது விநாடியில் இ, ஈ, ஆ, அ என்று அடுக்கிவிட்டான்.

"எப்படிடா தெரிஞ்சது?"

"'அந்த மழை'ன்னு வரணும்னா மழை முன்னாடியே வந்திருக்கணும், மாஷே."

"அவ்வளவுதான். ஆங்கிலத்துல அந்த 'அந்த'வைத் தேடு."

அன்று முதல் தம்பி ஆங்கில வாக்கியங்களில் முதலில் தேடுவது பெயருக்குப் பதில் வரும் சொல்லையும், திஸ், சச், ஹவெவர், தேர்ஃபோர் போன்றவற்றையும்தான். இவை இருக்கும் வரி பெரும்பாலும் முதல் வரியாக இருக்காது. முழுப்பெயரோ புது விஷயமோ இருக்கும் வரிதான் தலைவாசல். நான்கையும் மனதில் அடுக்க வேண்டியதில்லை. பிரிக்க முடியாத ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தால் நான்கு விடைகளில் குறைந்தது இரண்டு அடிபட்டுவிடும். மூன்று வாரத்தில் ஒன்பதில் ஏழு தப்பு இரண்டு தப்பாகக் குறைந்தது.

சொல்வளத்துக்கு மூவாயிரம் சொல் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் இடத்தில் நிற்காதீர்கள். தினமும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு தலையங்கம் படித்து, தெரியாத ஐந்து சொல்லை அந்த வாக்கியத்தோடு எழுதினால் போதும்.

5. சான்றிதழும் பெயரும்

ட்யூஷனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ட்யூஷனில் நாலு மாதம் உழைத்தவனை விண்ணப்பத்தில் ஒரு புள்ளி கவிழ்த்துவிடும்.

பெயர்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோலவே விண்ணப்பத்தில் வர வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் தலைவலி. சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. போதாக்குறைக்கு, மலையாளத்தில் எழுதியதை வைத்து ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டிருப்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விண்ணப்பம் தொடங்கும் முன்பே ஆதாரைத் திருத்துங்கள்.

சாதிச் சான்றிதழ்: எல்லைக்காரர்கள் மாட்டுவது இங்கேதான். பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய அரசுப் பட்டியல் மாநில வாரியானது. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கும் சாதி கேரளப் பட்டியலிலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழோ, ஆந்திராவின் பி.சி. பிரிவுச் சான்றிதழோ மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது; மத்திய அரசுப் படிவத்தில் கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். கேரளத்தில் அக்ஷயா மையம் வழியாக விண்ணப்பிக்கும்போது "மத்திய அரசுத் தேவைக்கு" என்று சொல்லுங்கள். மாநிலத் தேவைக்கு வில்லேஜ் ஆபீசர் கொடுப்பார், மத்தியத் தேவைக்குத் தாசில்தார் கையெழுத்து. நான் சொல்லாமல் விட்டு முதல் முறை மாநிலச் சான்றிதழ் வாங்கி வந்தேன். இரண்டு வாரம் வீண். அக்ஷயா மையத்துக்குப் பதில் தமிழ்நாட்டில் இ-சேவை மையம், ஆந்திராவில் மீசேவா.

தேதியும் முக்கியம். சேர்க்கையின்போது அந்த வருஷம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய சான்றிதழைக் கேட்பது உண்டு. ஆகவே ஏப்ரல் முதல் வாரமே மறுபடி போடுங்கள்.

6. கட்டணமும் காலமும்

2025இல் மூன்று தாள் வரை பொதுப்பிரிவுக்கு 1,000 ரூபாய், ஓ.பி.சி.க்கும் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கும் 900, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 800. அதற்கு மேல் ஒவ்வொரு தாளுக்கும் முறையே 400, 375, 350. அதிகபட்சம் ஐந்து தாள். பட்டியலில் இருக்கிறதே என்று தேவையில்லாத தாளுக்குக் காசு கட்டாதீர்கள்.

"போன வருஷம் இந்த மாசம்தானே" என்று உட்கார்ந்திருக்கவும் கூடாது. விண்ணப்பம் 2022இல் ஏப்ரலில் தொடங்கியது, 2023இல் பிப்ரவரியில், 2025இல் மார்ச் 1 அன்று. டிசம்பரிலிருந்து வாரம் ஒருமுறை தளத்தைப் பாருங்கள். திருத்தம் செய்யச் சில நாள் வாய்ப்புத் தருவார்கள், ஆனால் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் அப்போது மாற்ற முடியாது. கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார். நான் போடுவதில்லை, போடுகிற கடைகள் உண்டு. ஓ.டி.பி. வரும் போன் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

7. கடைசி மூன்று வாரம்

புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் 60 நிமிடத் தேர்வு, கணினியில். செல்போனில் எழுதிப் பழகியவன் பெரிய திரையில் பத்தியை உருட்டிப் படிக்கத் தடுமாறுவான். வீட்டில் கணினி இல்லையென்றால் தெரிந்த கடையில் ஒரு மணி நேரம் கேளுங்கள்.

தம்பிக்கு நாங்கள் வைத்த கணக்கு: சொல், வரிசைக் கேள்விகள் முதல் 25 நிமிடம், பத்திகள் 30, மீதி 5 நிமிடம் விட்டவற்றுக்கு. எல்லோருக்கும் இது பொருந்தாது. பத்தியில் வேகமுள்ள பிள்ளை அதில் தொடங்கட்டும்.

தெரியாத கேள்வியை விடுவதா, குத்துமதிப்பாகப் போடுவதா? நான்கு விடையில் ஒன்று நிச்சயம் தப்பு என்று தெரிந்தாலே போடுங்கள். மீதி மூன்றில் ஒன்று சரி என்றால் 5 கிடைக்கும், மற்ற இரண்டும் ஆளுக்கு 1 தான் எடுக்கும். கணக்கு நம் பக்கம். விடையைப் பதிந்துவிட்டு மறுபரிசீலனைக்கு என்று குறித்தாலும் அது மதிப்பீட்டுக்குப் போகும், பயப்பட வேண்டாம்.

பாலக்காடு மையம் என்றாலும் கோயம்புத்தூர் மையம் என்றாலும் இங்கிருந்து முதல் பஸ்ஸை நம்பிக் காலைத் தேர்வுக்குப் போகாதீர்கள். முந்தின நாளே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். அனுமதிச் சீட்டின் இரண்டு பிரதி, விண்ணப்பத்தில் கொடுத்த அதே போட்டோ, ஆதார் அசல்.

8. தேர்வுக்குப் பிறகு

விடைக்குறிப்பு வந்ததும் தப்பாகத் தெரிந்தால் ஆட்சேபிக்கலாம், கேள்விக்கு 200 ரூபாய். திரும்ப வராத பணம் என்பதால் மாஷ் போன்ற ஒருவரிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள்.

மதிப்பெண் வந்ததும் இடம் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. க்யூட் விண்ணப்ப எண், கடவுச்சொல், கொடுத்த மின்னஞ்சல் மூன்றையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஜூலையில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கடவுச்சொல்லைத் தேடித்தான் வருகிறார்கள்.